ஒரு ராத்திரி வட்டி

குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெல்டிங் வைக்கிறவனுக்கு முதலில் சாவது முழங்கால். அடுத்து இடுப்பு. கண் கடைசியில்தான் போகும். தொண்ணூற்றெட்டாம் வருடப் பொங்கலுக்கு எனக்கு மூன்றும் ஒன்றாகப் போயின. போகி அன்று காலை உட்கார்ந்தவன், காணும் பொங்கல் சாயங்காலம் கடைசிப் பிரேமை முடித்து எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். நான்கு நாளில் நூற்றறுபது பஸ் சீட் பிரேம். ஊரே வண்டலூர் ஜூவுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணில் உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக் கட்டிக்கொண்டு, சேலையூரில் என் ஒற்றை அறையில் குப்புறப் படுத்திருந்தேன்.

அதே காணும் பொங்கல் அன்றுதான் பம்பாயில் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றியது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் இடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைத்திருக்க மாட்டேன்.

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கடைசித் தெருவில் பக்தவச்சலத்தின் ஷெட். பஸ் கட்டும் ஒரு பெரிய கம்பெனிக்கு சீட் பிரேம் செய்து கொடுக்கிற இடம். அவரும் நானும் ஒரு காலத்தில் கிண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் ஃபிட்டர், நான் வெல்டர். கம்பெனியை மூடியபோது வந்த செட்டில்மென்ட் பணத்தை அவர் ஷெட்டில் போட்டார். நான் என் அப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். அதனால் அவர் முதலாளி, நான் கூலி. இதில் கெட்டிக்காரத்தனம், சோம்பேறித்தனம் எதுவும் கிடையாது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த எஸ்டேட்டில் பாதி ஷெட்டுகளில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி சம்பளத்தை எண்ணும்போது, “அண்ணா, நூறு நிறுத்து” என்போம். அவர் நூறு ரூபாயைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, நீல அட்டை நோட்டில் நம் பேருக்கு நேரே எழுதுவார். அதற்கு நிறுத்துக் காசு என்று பேர். வீட்டுக்கு எடுத்துப்போனால் நூறு ரூபாய் நூறு ரூபாயாக இருக்காது. பேங்கில் போடலாமே என்றால், பேங்க் திறந்திருக்கும் நேரத்தில் நாங்கள் புகைக்குள் இருப்போம். ரேஷன் கார்டு, போட்டோ, அறிமுகக் கையெழுத்து எல்லாம் எடுத்துக்கொண்டு போனாலும், கவுன்ட்டரில் இருப்பவன் நம் விரல் நகத்தைப் பார்ப்பான். பக்தவச்சலம் நகத்தைப் பார்க்க மாட்டார். அவர் நகமும் அப்படித்தான் இருந்தது. அதனால் அவரே எங்களுக்குப் பேங்க்.

அறுபது வாரம் நிறுத்தியிருந்தேன். ஆறாயிரம் ரூபாய்.

அதை எதற்கு நிறுத்தினேன் என்றால், பள்ளிக்கரணையில் சதுப்பை ஒட்டி ஒரு மனை. மனை என்று சொன்னால் பார்த்தவன் சிரிப்பான். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும், நாரை வந்து மீன் பிடிக்கும். மாதத் தவணையில் ஐந்து வருடமாகக் கட்டி இருபத்தோராயிரம் உள்ளே போயிருந்தது. கடைசி ஆறாயிரத்தைப் பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் மொத்தமாகக் கட்டினால் பத்திரம். கட்டாவிட்டால் மனை ரத்து, கட்டிய பணம் திரும்பாது. ரசீதின் பின்பக்கம் அதைப் பொடி எழுத்தில் மனைக்காரன் அச்சடித்திருந்தான். பணம் வாங்குகிற பக்கத்தில் மட்டும் எழுத்து பெரிதாக இருந்தது.

ஜனவரி இருபத்து நாலு, சனிக்கிழமை. சம்பளம் வாங்கியதும் கேட்டேன்.

“அண்ணா, என் நிறுத்துக் காசு வோணும். ஆறாயிரம்.”

பக்தவச்சலம் நோட்டைத் திறக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கொஞ்சம் பொறு அப்பாதுரை. பேங்க்ல மாட்டிகினு கீது.”

“இன்னா மாட்டிகினு கீது?”

“பேப்பர் பாக்கலியா நீ? ரிசர்வ் பேங்க்காரன் ரேட்டை ஏத்திட்டான். ஒம்போதா இருந்தது பதினொண்ணு ஆயிடுச்சி. எங்கயும் பணம் வெளிய வரல.”

பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த பாட்சா, எங்கள் கேஸ் கட்டர், அதாவது கேஸ் தீயில் இரும்பு வெட்டுகிறவன், திரும்பினான்.

“அவன் ஏத்துனா ஏத்திகினு போறான். நம்ம துட்டு இன்னா அவன் பாக்கெட்லயா கீது?”

“உனக்கு இன்னாடா தெரியும்? நீ கட்டரு. கட் பண்ற வேலைய மட்டும் பாரு.”

“அதாண்ணா கேக்கறேன். எனக்கும் நாலாயிரத்து எண்ணூறு கீதே, அதை நீ கட் பண்ணிடப் போறியோன்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்தவச்சலமும் சிரித்தார். பாட்சா அந்தப் பணத்தை ஒரு கட்டிங் செட்டுக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தான். டார்ச்சு, ரெகுலேட்டர், ஹோஸ், சிலிண்டர் டெபாசிட். அனகாபுத்தூர் ரோட்டில் ஒரு கொட்டகை பார்த்து வைத்திருந்தான். மாதம் இருநூறு வாடகை. இன்னும் ஆறேழு சனிக்கிழமை போனால் அவன் யாருக்கும் கூலி இல்லை.

வீட்டுக்கு வந்து கன்னியம்மாவிடம் சொன்னேன். என் மனைவி கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து, யார் அழுகை நிஜம், யார் அழுகை நடிப்பு என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள்.

“ரிசர்வ் பேங்கா? அது எங்க கீது?”

“பம்பாய்ல.”

“பம்பாய்ல கீற பேங்க்கு எதுக்கு நம்ம ஆறாயிரத்தப் புட்ச்சி வெச்சுக்குது?”

“அதான் தெரில.”

“என் கையில குட்த்தா செலவாயிடும்னியே. இப்போ செலவாவாம பத்திரமா கீதா?”

சோற்றைப் போட்டாள். அதற்குப் பிறகு தட்டைத்தான் பார்த்தேன்.

நான் செய்த தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். பணம் பேங்கில் மாட்டியிருக்கிறது என்றதை நான் அப்படியே நம்பினேன். என் நூறு ரூபாய் ஒவ்வொன்றும் தாம்பரம் கிளையில் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கிறது, பம்பாய்க்காரன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், நேரில் போய்க் கேட்டால் ஒரு நல்ல ஆபீசர் திறந்து கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நாற்பது வயது ஆள். இரும்பு எங்கே விரியும், எங்கே சுருங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பணம் எங்கே போகும் என்று தெரியாது.

“அண்ணா, நீ பேங்க்குக்குப் போவும்போது நானும் வரேன்” என்றேன்.

“நீ எதுக்கு?”

“கேக்கறதுக்கு.”

அவர் தவிர்த்துத்தான் பார்த்தார். வியாழக்கிழமை அவருடைய மொபெட்டுக்குக் குறுக்கே நின்றேன். அரை நாள் கூலி போனால் போகிறது என்று அவர் பின்னால் உட்கார்ந்து தாம்பரம் போனேன்.

கடன் பிரிவு ஆபீசர் ஒரு அம்மா. மேஜைப் பலகையில் திரிபுரசுந்தரி என்று பேர். ஐம்பது வயது இருக்கும். ஃபைல் மலைக்குப் பின்னால் முகம் பாதிதான் தெரிந்தது. பக்தவச்சலம் கையைக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார். லிமிட்டுக்கு மேலே ஒரு இருபதாயிரம், இரண்டே மாதத்துக்கு. கம்பெனி பில் ஐம்பத்தாறாயிரம் வரவேண்டும், வந்ததும் அடைத்துவிடுகிறேன்.

“மிஸ்டர் பக்தவச்சலம், போன மாசம் கேட்டிருந்தா மேனேஜர்கிட்ட பேசியிருப்பேன். இப்ப சான்ஸே இல்லை. லிமிட்டுக்கு மேல ஒரு ரூபா தரக்கூடாதுன்னு சர்க்குலர். உங்க வட்டியும் ஒன்றரை பர்சென்ட் ஏறுது. லெட்டர் வரும்.”

நான் முன்னால் வந்தேன்.

“மேடம், எனக்கு லோன்லாம் வேணாம். என் துட்டு ஆறாயிரம் இவரு அக்கவுண்ட்ல கீது. அதை மட்டும் குட்த்துடுங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பக்தவச்சலத்தைப் பார்த்தார்.

“எந்த அக்கவுண்ட்ல?”

பக்தவச்சலம் என் காலை மிதித்தார்.

“இவரு அக்கவுண்ட்ல பணமே கிடையாதுப்பா. ஒரு லட்ச ரூபா லிமிட். தொண்ணூத்தெட்டாயிரம் எடுத்தாச்சு. இவருதான் எங்களுக்குத் தரணும்.”

“இல்ல மேடம், நாங்க ஏழு பேரு வாரா வாரம் நிறுத்துனது. இருபத்திரெண்டாயிரம்.”

அவர் ஃபைலைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது.

“டிசம்பர்ல இரும்பு டியூப் வாங்கியிருக்கீங்க. ரொக்கமா இருபத்தோராயிரத்து எண்ணூறு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு நானே கேட்கணும்னு இருந்தேன்.” பக்தவச்சலத்தை நேராகப் பார்த்தார். “ஆளுங்க பணமா? தப்புங்க அது.”

பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொங்கல் நான்கு நாளும் என் முழங்காலைக் கொன்ற அந்த டியூப், என் காசில் வாங்கிய டியூப். என் பணத்துக்கு நானே வெல்டிங் வைத்திருக்கிறேன். திருடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். குடித்து அழித்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆர்டரை விடக்கூடாது, ஏழு பேருக்கும் வேலை இருக்கவேண்டும் என்றுதான் எடுத்தார். நாற்பத்தைந்து நாளில் கம்பெனி கொடுக்கும், திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்கு. எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்ததில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை கம்பெனி தொண்ணூறு நாள் என்று சொல்லிவிட்டது.

“ஏன் மேடம் ஏத்துனாங்க?” என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. கவுன்ட்டரில் நின்ற ரெண்டு பேர் திரும்பினார்கள்.

அந்த அம்மா பேனாவை மூடினார். விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை.

“பேங்க்குக்கும் கை குறையும்ப்பா. சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது குறைஞ்சா இன்னொரு பேங்க்கிட்ட ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கும். மறுநாள் திருப்பிக் குடுத்துடணும். அந்த ஒரு ராத்திரிக்கு வட்டி உண்டு. டிசம்பர்ல ஏழு எட்டு பர்சென்ட்ல கிடைச்சுது. இப்ப முப்பதைத் தாண்டிப் போயிடுச்சு. அதுதான் மூக்கணாங்கயிறு. ரிசர்வ் பேங்க் அதை இழுத்தா நாட்டுல இருக்கிற அத்தனை வட்டியும் அந்தப் பக்கம் திரும்பும்.”

“எதுக்கு இழுக்கணும்?”

“டாலர் விலை ஏறிக்கிட்டே இருக்கு. ரூபா விழுது. சில பேர் இங்க சல்லிசாக் கிடைக்கிற பணத்தை வாங்கி டாலர்ல போட்டு வெச்சுக்கறாங்க. ராத்திரிப் பணத்துக்கு விலையை ஏத்திட்டா அது கட்டுப்படியாகாது, நின்னுடும்.”

“எங்க ஏழு பேர்ல யார் மேடம் டாலர் வாங்குனது?”

“யாரும் இல்லை. வாங்கறவனைத் தனியாப் பிடிச்சு இறுக்க முடியாதுப்பா. இறுக்கினா எல்லாருக்கும் சேர்த்துத்தான்.”

“எல்லாருக்குமா? அவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரியா மேடம்?”

அவர் மூடிய பேனாவைத் திறந்து மறுபடி மூடினார்.

“இன்னொண்ணு மேடம். சனிக்கிழமை குட்த்து திங்கக்கிழமை திருப்பி வாங்கினா?”

“ரெண்டு நாளைக்கும் சேர்த்து வட்டி.”

“ஞாயித்துக்கிழமை லீவுதானே?”

“லீவுக்கும் உண்டு.”

வெளியே வந்து மொபெட்டில் ஏறவில்லை. நடந்தேன். பக்தவச்சலம் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. கம்பெனிக்கு அதன் பேங்க் வட்டியை ஏற்றியது. கம்பெனி உடனே பக்தவச்சலத்துக்குத் தரவேண்டியதைத் தள்ளி வைத்தது. தள்ளி வைப்பதற்கு வட்டி கிடையாது. பேங்கில் பதினெட்டு பர்சென்ட்டுக்கு வாங்குவதைவிட பக்தவச்சலத்தைப் பட்டினி போடுவது சல்லிசு. பக்தவச்சலம் எங்களைத் தள்ளி வைத்தார். அதைவிடச் சல்லிசு அது. கோட்டு போட்டவன் கோட்டு போட்டவனுக்கு ஒரு ராத்திரிக்குக் கொடுத்தாலும் ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடாமல் எண்ணி வாங்குகிறான். நான் நானூற்று இருபது ராத்திரி கொடுத்திருக்கிறேன். ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

“தப்புதான் அப்பாதுரை” என்றார் பக்தவச்சலம்.

“பிப்ரவரி இருபத்தெட்டுண்ணா.”

“கம்பெனியாண்ட போய் நிக்கறேன்.”

நின்றார். பிப்ரவரி முழுக்க வாரம் இரண்டு தடவை போய் நின்றார். அக்கவுண்ட்ஸ்காரன் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ‘மணி டைட்டா இருக்கு, மார்ச் முடியட்டும்’ என்றான். ஆனால் அடுத்த ஆர்டரை மட்டும் நிறுத்தவில்லை. இன்னும் இருநூற்று நாற்பது பிரேம், இருபத்தேழாம் தேதி காலை கம்பெனியின் அசெம்பிளி லைனில் இருக்கவேண்டும். டியூப்பையும் இந்தத் தடவை கம்பெனியே அனுப்பியது. எங்களிடம் இனி உறிஞ்ச ஒன்றுமில்லை, உழைப்பைத் தவிர என்று தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

நான் ஒரு வார்த்தை பேசாமல் இருநூற்று நாற்பதையும் முடித்தேன். சுத்தமாக முடித்தேன். என் வெல்டிங்கில் குறை சொல்லி யாரும் காசு பிடித்துவிடக் கூடாது.

இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை. பதினொரு மணிக்குக் கம்பெனி லாரி வரும். பத்து மணிக்கு எல்லோரும் டீக்கு வெளியே போனார்கள். பக்தவச்சலம் எலெக்ட்ரோட் வாங்கப் பல்லாவரம் போயிருந்தார். நான் ஷட்டரை இறக்கினேன். கேபிளை ஜன்னல் வழியாக வெளியே இழுத்தேன். எர்த் கிளிப்பை ஷட்டரில் கடிக்கவிட்டு, இடது சேனலில் நான்கு, வலது சேனலில் நான்கு, கீழே தரைச் சட்டத்தில் ஆறு. வெறும் பொட்டு வெல்டிங் இல்லை, முழுத் தையல். இரண்டு அங்குலம், இரண்டு அங்குலம். உள்ளே இருநூற்று நாற்பது பிரேம்.

டீ குடித்துவிட்டு வந்த பாட்சா, நான் முகமூடியைக் கழற்றும்வரை காத்திருந்தான்.

“இன்னா மச்சான், பூட்டுக்குப் பதிலா?”

“ஆமா.”

“சாவி?”

“ஒங்கிட்டதான் கீது.”

ஒரு நிமிஷம் புரியவில்லை அவனுக்கு. பிறகு சிரித்தான். வெளியே கிடந்த கேஸ் சிலிண்டரைச் சுவரோரம் உருட்டிக் கிடத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் போனான். பிறகு சிலிண்டர் ஞாபகம் வந்து பீடியைக் காதில் செருகிக்கொண்டான்.

லாரி வந்தது. டிரைவர் ஷட்டரை இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். பக்தவச்சலம் வந்தார். ஷட்டரைத் தடவிப் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார். ஃபிட்டர் அல்லவா, எத்தனை ஆழம் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

“என்ன நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டியேடா.”

“எங்கள நிக்க வெச்சி ஒரு மாசம் ஆவுதுண்ணா. நீ இன்னிக்குத்தான வந்துகீறே.”

பன்னிரண்டரைக்குக் கம்பெனியின் பர்சேஸ் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முப்பது வயது.

“யார்யா ஷட்டருக்கு வெல்டிங் வெச்சது?”

“நான்தான் சார்.”

“பைத்தியமா உனக்கு?”

“ஒரே ஒரு ராத்திரி வெச்சிருக்கப் போறேன் சார். அதுக்கு இன்னா பர்சென்ட் போடறதுன்னு உங்க ஆபீஸ்ல கேட்டுகினு வாங்க.”

“டேய், கட் பண்ணுடா அதை. கட்டர் யாரு இங்க?”

“நான் சார்” என்றான் பாட்சா, எழுந்திருக்காமல். “கேஸ் இல்ல சார். ரொம்ப டைட்டா கீது. மார்ச் முடியட்டும்.”

எங்கள் ஆட்கள் ஏழு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். லாரி டிரைவரும் திரும்பிக்கொண்டு சிரித்தான். பர்சேஸ் ஆபீசருக்குக் காது சிவந்தது.

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

அதற்கு யாரும் எதிர்பார்க்காத ஆள் பதில் சொன்னார். பக்தவச்சலம்.

“கூப்புடுங்க சார். ஐம்பத்தாறாயிரம் பில்லு, டெலிவரி சலான்ல உங்க கையெழுத்து. அதையும் போலீசாண்ட காட்டிடறேன்.”

மறுநாள் லைன் நின்றால் கம்பெனிக்கு எத்தனை நஷ்டம் என்று அவனுக்குத்தான் தெரியும். ஸ்கூட்டரைத் திருப்பினான். மூன்றரை மணிக்கு வந்தான். ரொக்கமாகப் பதினோராயிரம். வவுச்சரில் பதினோராயிரத்து இருநூற்று இருபத்தைந்து என்று எழுதியிருந்தது.

“இருநூத்தி இருபத்தஞ்சு எங்க சார்?” என்றார் பக்தவச்சலம்.

“கேஷ் டிஸ்கவுண்ட். ரொக்கமா உடனே குடுத்தா ரெண்டு பர்சென்ட் பிடிப்போம். பாலிசி.”

உடனேயாம். பொங்கல் பிரேமுக்கு பிப்ரவரி கடைசியில் பணம் கொடுப்பது உடனே. கையில் எலெக்ட்ரோட் ஹோல்டர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பக்தவச்சலம் கையெழுத்துப் போட்டார். பாட்சா எழுந்து சிலிண்டரை நிமிர்த்தினான். கேஸ் இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் அத்தனை தையலையும் வெட்டினான். லாரி போனது.

அவர் பணத்தை நீல நோட்டின் மேல் வைத்தார். ஒரு பைசா எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்திரெண்டாயிரத்துக்குப் பதினோராயிரம், ஆளுக்குப் பாதி என்றார். நியாயம்தான். எனக்கு மூவாயிரம் வந்தது. மனைக்காரனுக்குப் பாதி என்ற பேச்சு கிடையாது. பதினெட்டு வருஷமாக வாடகை வீட்டில் கிடக்கிற என் குடும்பத்தை, ஐந்து வருஷமாக அந்தச் சேற்றில் போட்ட இருபத்தோராயிரத்தை நினைத்துக்கொண்டு கையிலிருந்த மூவாயிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்சா தன் பங்கை எண்ணிக்கொண்டிருந்தான். ரெண்டாயிரத்து நானூறு. எண்ணி முடித்து என்னைப் பார்த்தான். நான் கேட்கவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை. எடுத்திருக்க வேண்டும்.

“எத்தினி கொறையுது?” என்றான்.

“மூணு.”

“இதை வெச்சிக்க. அறுநூறு தேத்து.”

“ஒன் கட்டிங் செட்டு?”

“பாதித் துட்டுக்குப் பாதி டார்ச்சு எவன் தரப் போறான்? மார்ச் கடைசில குட்த்துடு. மீதி பாதியும் வந்துடும்ல, ஒண்ணா வாங்கிக்கறேன்.”

கன்னியம்மா பள்ளிக்கூடத்தில் முன்பணம் அறுநூறு வாங்கினாள். சனிக்கிழமை மதியம் மனைக்காரனின் மேஜையில் ஆறாயிரத்தை வைத்தேன். அவன் ஒவ்வொரு நோட்டாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

மார்ச் முடிந்தது. மீதி பாதி வரவில்லை. ஷட்டரை வெல்டிங் வைக்கிற ஷெட்டுக்கு இனி வேலை கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. மீதி பில்லை இழுத்தடித்துத்தான் கொடுத்தது, வந்ததை முழுக்கப் பேங்க் தன் பாக்கிக்குப் பிடித்துக்கொண்டது. மே மாதம் ஷெட் மூடியது. பக்தவச்சலம் இப்போது அம்பத்தூரில் யாரோ ஒருவருடைய ஷெட்டில் ஃபிட்டர். ஏழு பேரும் ஏழு திக்கு. நான் வைத்த தையலால் என் மனை நின்றது, ஏழு பேருடைய வேலை போனது. சரசு என்று ஒரு பெண் டிரில்லிங் மிஷினில் இருந்தாள். அவள் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள், “ஒனக்கு மனை, எங்களுக்கு மண்ணு” என்று.

ஏப்ரல் கடைசியில் ரிசர்வ் வங்கி வட்டியைப் பழைய ஒன்பதுக்கே இறக்கிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. ரூபாய் நிலைகொண்டுவிட்டதாம், நெருக்கடி தீர்ந்ததாம். ராத்திரிப் பணமும் மறுபடி சல்லிசு. பல்லாவரத்தில் ஒரு டீக்கடையில் நின்று அதை இரண்டு தடவை படித்தேன். கயிற்றை மூன்று மாதம் இழுத்தார்கள், விட்டுவிட்டார்கள். இழுத்தபோது அரை நிமிஷத்தில் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. விட்டது இன்னும் வந்து சேரவில்லை. கம்பெனி இன்றைக்கும் சின்ன ஷெட்டுகளுக்குத் தொண்ணூறு நாள் கழித்துத்தான் கொடுக்கிறது. ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் எதற்கு விடவேண்டும்?

பத்திரச் செலவு, முத்திரைத்தாள், மனைக்காரனின் ஆளுக்கு மாமூல் என்று வேறு இருந்தது. அதன் பிறகு ரெண்டு மாதம் வேலை இல்லை. பிறகு பம்மலில் கிரில் கேட் செய்யும் இடத்தில் தினக்கூலி. பாட்சா ஜூனில் ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். டீ குடித்தான். அனகாபுத்தூர் கொட்டகையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றான். கன்னியம்மா உள்ளேயே இருந்தாள், வெளியே வரவில்லை. “ஆடி போவட்டும் மச்சான்” என்றேன். அவன் தலையாட்டினான். வட்டி எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவன்தான்.

ஆடி போனது. தீபாவளி போனது. குன்றத்தூர் பஸ்ஸில் அவன் ஏறுவதைப் பார்த்தால் நான் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். கம்பெனி அக்கவுண்ட்ஸ்காரன் பக்தவச்சலத்தைப் பார்த்ததும் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வானே, அதே மாதிரி.

பாட்சாவுக்கு நான் தரவேண்டியது ரெண்டாயிரத்து நானூறு ரூபாய். இன்னும் தரவில்லை.